கால் பங்கு விமானமும் கல்லறை மெழுகுவர்த்தியும்

விமானத்தை யாரோ கடித்திருந்தார்கள்.

பிளாங்கா கண்ணை நம்பாமல் விரலையும் வைத்துப் பார்த்தாள். விமானி பிடித்து ஓட்டும் கைப்பிடியின் ரப்பர் உறையில் மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை, அச்சடித்தது போலப் பல் தடம். கடித்தவர் சும்மா கடித்துப் பார்க்கவில்லை. உயிர்ப் பயத்தில் கவ்வியிருந்தார்.

"சார், இந்த ஊர்ல பசிச்சா சாசேஜ் தின்னுவாங்கன்னுதான் நினைச்சிட்டிருந்தேன்," என்றாள். "பிளேனையே திங்கிறாங்க."

லுமீர் ஹனாக் பின் இருக்கையில் முழங்காலை மடக்கிக்கொண்டு, விமானத்தின் பறப்புக் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். முப்பது வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுநாளே 'தனியார் துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டிவிட்டார். அதே ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியில் பீர் ஊற்றிக்கொண்டிருந்த பிளாங்காவை அவளுடைய வாய்க்காகவே உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். அதை நினைத்து வருந்தாத நாள் அவருக்கு இல்லை.

விமானக் கொட்டகையின் வாசலில் லிபுஷே டீச்சர் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றிருந்தார். லிப்னிச்கா பள்ளியில் முப்பத்தேழு வருடம் பூகோளம் நடத்தியவர். ஊரில் பாதிப் பேர் இன்றைக்கும் அவரைக் கண்டால் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள். இந்த நாலு இருக்கை விமானத்தில் கால் பங்கு அவருடையது. மீதியில் கசாப்புக்கடை அலோய்ஸ், இன்ஜினியர் ஓத்மர், பல் டாக்டர் ஹினெக் மூவருக்கும் ஆளுக்குக் கால்.

"கடியா? எங்கம்மா?" என்று டீச்சர் உள்ளே எட்டிப் பார்த்தார். "எனக்குத் தெரியலையே. நேரா பாத்தா எல்லாம் புகையா இருக்கு. தலையைச் சாய்ச்சுப் பாத்தாத்தான் ஓரத்துல கொஞ்சம் தெரியுது."

விவகாரமே அந்தக் கண்ணில்தான் ஆரம்பித்தது. வசந்தத்தில் மருத்துவர் பரிசோதித்துவிட்டு, இனி விமானம் ஓட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இன்னும் ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு. அதற்குப் பிறகு புத்தகமும் வராது, முகமும் தெரியாது என்று சொல்லிவிட்டார்.

"அமேசான், அமேசான்னு முப்பத்தேழு வருஷம் பிள்ளைங்ககிட்ட கத்தியிருக்கேன்," என்று டீச்சர் நேற்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார். "ஆனா நான் பாத்த உலகம் இந்தப் பெட்ரோல் டாங்க் எட்டின தூரம்தான். கண்ணு இருக்கும்போதே அந்த ஆத்தைப் பாத்துடணும். பங்கை நல்ல விலைக்கு வித்தா கப்பல் டிக்கெட்டுக்குச் சரியா இருக்கும்."

விற்கவும் ஒரு கெடு இருந்தது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் நால்வரும் போட்ட ஒப்பந்தப்படி, பங்கை விற்கப்போவதாகச் சொன்னவர் அந்த செப்டம்பர் முடிவதற்குள் ஆள் பிடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் மற்ற மூவரும் அன்றைக்கு வாங்கிய பழைய விலைக்கே அதை எடுத்துக்கொள்ளலாம். அந்த விலைக்கு பஸ்ஸில் வியன்னா வரை போய், ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பலாம். அமேசானுக்கு வழியே இல்லை. இன்று இருபத்தேழாம் தேதி, வெள்ளிக்கிழமை.

ஆள் வராமல் இல்லை. மூன்று பேர் மூன்று சனிக்கிழமை வந்தார்கள். மூன்று பேரும் ஓடிவிட்டார்கள்.

"நல்லாத்தான் பேசுவாங்க," என்றார் டீச்சர். "நீங்க பாத்துட்டு இருங்க, நான் போய்க் காபி சொல்லிட்டு வர்றேன்னு கேன்டீனுக்குப் போவேன். திரும்பி வந்தா, யோசிச்சுச் சொல்றோம்னுட்டுக் காரை எடுத்துடுவாங்க. ஏன்னு கேட்டா ஒருத்தரும் வாயைத் திறக்கலை."

நேற்று முழுக்க லுமீர் அந்த வாய்களைத்தான் திறந்துவிட்டு வந்திருந்தார். இப்போது இறங்கி, கிடைத்த சாமான்களை இறக்கையின் மேல் பரப்பினார்.

"முதல்ல வந்தவர் தேனீ வளர்க்கிற மெதோத்யே. நீங்க காபி சொல்லக் கிளம்பறதுக்கு முன்னாடியே புரொப்பல்லருக்குக் கீழ பாத்திருக்கார். ஊசியிலை மாலை ஒண்ணு. பக்கத்துல கல்லறையில ஏத்தற சிவப்பு மெழுகுவர்த்தி, எரிஞ்சிட்டு இருந்திருக்கு. மனுஷன் தொப்பியைக் கழட்டி ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி செலுத்திட்டுக் கிளம்பிட்டார். செத்தவங்க எத்தனை பேர்னு விக்கிற வீட்டுல கேக்கறது மரியாதை இல்லையாம்."

டீச்சரின் கை கைப்பையை இறுக்கிப் பிடித்தது. "மெழுகுவர்த்தியா? நான் அங்கதானே நின்னுட்டிருந்தேன்."

"ரெண்டாவது, நோட்டரி இவெத்தா. சீட்டுப் பையில இந்தக் காகிதம் இருந்திருக்கு." கட்டம் போட்ட தாள். ஸ்கேல் வைத்து இழுத்த கோடுகள். தலைப்பில் 'இந்த ஆண்டு மயிரிழையில் உயிர் தப்பியவை'. அடியில் கூட்டுத்தொகை பதினேழரை.

"அரை தடவை எப்படி சார் தப்பிக்கறது?" என்றாள் பிளாங்கா. "பாதி ஆள் மட்டும் இறங்கி வந்தாரா?"

"மூணாவது ஆள் சர்ச் ஆர்கன் ரிப்பேர் பண்ற கமில். அவர் பாத்தது அந்தக் கடி. இதுக்கு முன்னாடி ஓட்டினவன் பல்லைக் கடிக்கறதுக்குப் பதிலா பிளேனைக் கடிச்சிருக்கான்னு பயந்துட்டார்."

பிளாங்கா விமானத்தின் வாலைப் பார்த்தாள். இந்த நாட்டில் பதிவான எல்லா விமானத்திலும் இருப்பது போல அதிலும் ஓகே என்று பெரிதாக எழுதியிருந்தது. "நல்லவேளை, இதாவது தன்னை ஓகேன்னு சொல்லிக்குது. யார் வேலை சார் இதெல்லாம்?"

"அதுதான் வெக்கக்கேடு. ஒளிச்சு வைக்கக்கூடத் தெரியலை." லுமீர் மாலையைத் திருப்பிக் காட்டினார். "பூக்கடைக்காரி கம்பி வச்சுத்தான் கட்டுவா. இதைச் சேர்த்துக் குத்தியிருக்கிறது சாசேஜ் முனையை மூடற மரக்குச்சி. ஆக, கசாப்புக்கடை. பதினேழரைங்கிற கணக்கு, தசமம் போடாம தூங்காத இன்ஜினியருக்குத்தான் வரும். அப்புறம் அந்தக் கடியைப் பாரு. ஒரு பல்லு குறையலை, ஒரு பல்லு கோணலா இல்லை. லிப்னிச்கால நாப்பது வயசுக்கு மேல அப்படி வாய் யாருக்கு இருக்கு? பல் டாக்டர் மேசை மேல இருக்கிற பிளாஸ்டர் தாடைக்கு மட்டும்தான்."

"ஆக, என் பங்காளிங்க மூணு பேருமா," என்றார் டீச்சர். "இருபத்திரண்டு வருஷம். அலோய்ஸ் பொண்ணு கல்யாணத்துக்குப் பூப்போட்டதே இந்தப் பிளேன்ல இருந்து நான்தான். பழைய விலைக்கு எடுத்துக்கணும்னு இப்படிப் பண்ணிட்டாங்களா?"

பிளாங்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வாங்க சார், இப்பவே போய் அந்தத் தாடையாலேயே மூணு பேரையும் கடிச்சு வைக்கலாம்."

"பொறு," என்றார் லுமீர். "ஒரு குடும்பமே டிக்கெட் இல்லாம ஏறினா, எல்லாரும் ஒரே பொய்யைச் சொல்லுவாங்க. ஒருத்தருக்கொருத்தர் தெரியாதவங்கதான் ஆளுக்கொரு பொய் சொல்லுவாங்க. காசுக்காக மூணு பேரும் கூடிப் பேசியிருந்தா, மூணு சனிக்கிழமையும் அதே மாலை வந்திருக்கும். இங்க மூணு பொய் இருக்கு. ஒருத்தன் செஞ்சது இன்னொருத்தனுக்குத் தெரியாது. அப்படின்னா விலை காரணமில்லை. மூணு பேருக்கும் தனித்தனியா ஏதோ பயம் இருக்கு."

அவர் குறிப்பேட்டையும் விமான நிலையத்தின் மழைப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இதைப் பாரு. நல்ல விமானி மழை பெஞ்சா வானம் தெளியட்டும்னு காத்திருப்பான், தெளிஞ்ச அன்னிக்குப் போவான். இங்க மழை பெஞ்ச நாலாம் நாள் அலோய்ஸ் போறார். அஞ்சாம் நாள் இன்ஜினியர். ஆறாம் நாள் டாக்டர். 'பயிற்சிப் பறப்பு'ன்னு எழுதியிருக்காங்க. போன வருஷமும் இப்படித்தான், அதுக்கு முந்தின வருஷமும் இப்படித்தான்."

"டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து மாதிரி வேளை தவறாம இருக்கே."

"ஆமா. வியாதி என்னன்னுதான் தெரியணும்." லுமீர் சீட்டுப் பையிலிருந்து மடித்து நைந்த பழைய வரைபடம் ஒன்றை எடுத்தார். பிளாங்கா எட்டிப் பார்ப்பதற்குள் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு அவருடைய தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார் என்று புரிய பிளாங்காவுக்குச் சற்று நேரம் பிடித்தது.

"டீச்சர், நாளைக்கு மத்தியானம் கேன்டீன்ல மூணு பேரையும் சாப்பிடக் கூப்பிடுங்க. பிளாங்கா, உன் கார் சாவியைக் குடு. காலையில கொண்டுவந்து விட்டுடறேன்."

"எங்க சார் போறீங்க?"

"வேலை இருக்கு," என்றார் லுமீர்.

*

மறுநாள் கேன்டீனில் பூண்டு சூப் மணத்தது. ஜன்னலோரப் பெரிய மேசையில் மூன்று பங்காளிகளும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். அலோய்ஸ் உடம்பு முழுக்கச் சிரிக்கிற ஆள்; பள்ளியில் கடைசி பெஞ்ச், இப்போதும் டீச்சரிடமிருந்து தூரத்து நாற்காலியில்தான் இடம் பிடித்திருந்தார். இன்ஜினியர் ஓத்மர் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டுக்கு இணையாக வைத்துவிட்டு, மறுபடி சரிசெய்துகொண்டிருந்தார். டாக்டர் ஹினெக் பேசுகிறவர்களின் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவம் டீச்சர், ஆளே கிடைக்க மாட்டேங்குது," என்றார் அலோய்ஸ்.

"சந்தை நிலவரம் அப்படி," என்றார் இன்ஜினியர்.

"வலிக்கத்தான் செய்யும். பொறுத்துக்கணும்," என்றார் டாக்டர்.

பிளாங்கா மூன்று பேரையும் முறைத்தாள். டீச்சர் சூப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

அப்போது லுமீர் உள்ளே வந்தார். கையில் ஒரு பிரம்புக்கூடை. கூடை நிறையக் காளான். தடித்த வெள்ளைக் கால், பழுப்புத் தொப்பி, ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி கனம், ஒன்றில்கூடப் புழு கிடையாது. பிளாங்கா நாற்பது வருடமாகக் காளான் பறிக்கப் போகிறவள். இப்படி ஒரு கூடையை அவள் கண்டதில்லை.

"அம்மாடி!" என்று சமையல்கார அம்மா கரண்டியோடு அடுப்பை விட்டு வந்துவிட்டாள். "எங்க பறிச்சீங்க?"

"காட்டுல," என்றார் லுமீர். காளான் முளைக்கும் இடத்தை இந்த நாட்டில் பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்ல மாட்டார்கள்; அந்தக் கேள்விக்கு வேறு பதிலே கிடையாது.

பக்கத்து மேசையில் பாராசூட்டை மடித்துக்கொண்டிருந்தவர் திரும்பினார். "யப்பா! எந்தப் பக்கம்ங்க?"

"மரம் இருக்கிற பக்கம்."

லுமீர் கை கழுவப் போனார். கழிப்பறைக்குள் ஒரு கனத்த குரல் "எங்க கிடைச்சுது?" என்று கேட்பதும், லுமீர் "காட்டுல" என்பதும் வெளியே வரைக்கும் கேட்டது. திரும்பி வந்து கூடையை மேசையின் நடுவில் வைத்தார்.

பிளாங்கா வாயைத் திறந்தாள். "சார், எங்க..." லுமீர் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். அதனால்தான் அந்த மேசையில் விழுந்த மௌனம் அவள் காதில் விழுந்தது.

அலோய்ஸ் சாசேஜுக்குத் தொட வேண்டிய கடுகுச் சாந்தை பீருக்குள் விட்டுவிட்டார். இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றினார். டாக்டர் காளான்களின் தண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சொத்தைப் பல் எதுவும் அகப்படாத ஏமாற்றம் அந்த முகத்தில் இருந்தது.

"அருமையா இருக்கு," என்றார் அலோய்ஸ் ஒரு வழியாக. "உப்பு போட்டு வதக்கினா..."

"எடை ஒண்ணே முக்கால் கிலோ இருக்கும்," என்றார் இன்ஜினியர்.

லுமீர் எழுந்து நின்றார். ஓடுகிற ரயிலில் 'டிக்கெட் காட்டுங்க' என்று கேட்கிற அதே குரலில் பேசினார்.

"இந்தக் கூடை உள்ள வந்து பன்னெண்டு நிமிஷம் ஆச்சு. சமையல்காரம்மா கேட்டாங்க. பாராசூட்காரர் கேட்டார். கழிப்பறையில, என்னை முன்னப்பின்னப் பாக்காத மனுஷன், கையில சோப்போட கேட்டார். எங்க பறிச்சீங்கன்னு. இந்த நாட்டுல காளானைப் பாத்துட்டு அந்தக் கேள்வியைக் கேக்காதவங்க ரெண்டே பேர். ஒருத்தன் செத்தவன். இன்னொருத்தன் இடம் தெரிஞ்சவன்." ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "நீங்க மூணு பேரும் கேக்கலை. மூணு பேரும் மூச்சு விட்டுட்டுத்தான் இருக்கீங்க."

அலோய்ஸ் மெதுவாக இன்ஜினியரின் பக்கம் திரும்பினார்.

"நீயுமா?"

"நீங்களுமா?" என்றார் இன்ஜினியர்.

"அந்தப் புல்வெளி என்னோடது!" என்று அலோய்ஸ் மேசையைத் தட்டினார். "மழை பெஞ்ச நாலாம் நாள் நான் போய் இறங்குவேன். அஞ்சு வருஷமா போயிட்டிருக்கேன்!"

"நான் அஞ்சாம் நாள் போவேன். முந்தின நாள் யாரோ வந்து போன தடம் இருக்கும். காட்டுப்பன்றின்னு நினைச்சேன்."

"காட்டுப்பன்னி கத்தியால நறுக்கி, குழியை இலை போட்டு மூடிட்டா போகும்?" என்றாள் பிளாங்கா. "அவ்வளவு ஒழுக்கமான பன்னி எங்க இருக்கு?"

"ஒழுங்கான பன்றின்னு நானே வியந்தேன்," என்று இன்ஜினியர் ஒப்புக்கொண்டார்.

டாக்டர் ஹினெக் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "ஆறாம் நாள் நான். மூணு வருஷமா எனக்குக் கிடைச்சதெல்லாம் குட்டியும் கிழிசலும்! மண்ணு சரியில்லைன்னு நினைச்சு உரம் கொண்டுபோய்ப் போட்டேன்! உங்களுக்காகவா போட்டேன்?"

சமையல்கார அம்மா சூப்பை மறந்துவிட்டாள். பாராசூட்காரர் நாற்காலியோடு இரண்டடி நகர்ந்து வந்திருந்தார்.

"புதுசா காசு போட்டவன் பிளேனை ஓட்டாம சும்மா இருப்பானா?" என்றார் அலோய்ஸ் பரிதாபமாக. "குறிப்பேட்டைப் புரட்டுவான். தேதியைப் பாப்பான். ஒருநாள் பின்னாலேயே வந்து இறங்கிடுவான். அதான் ஒரு மாலையைக் கட்டி..."

"அதுக்கு டீச்சர் பங்கை நீங்களே வாங்கியிருக்கலாமே?" என்றாள் பிளாங்கா.

"நான் வாங்கறேன்னு வாயைத் திறந்தா இவங்க ரெண்டு பேரும், உனக்கு எதுக்குடா அரை பிளேன்னு கேப்பாங்க. அப்புறம் மோப்பம் பிடிப்பாங்க."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். அவர்களும் அதே கணக்குத்தான் போட்டிருந்தார்கள்.

"அப்ப பழைய விலைக்கு எடுத்துக்கற திட்டம்?" என்று லுமீர் கேட்டார்.

"எந்தப் பழைய விலை?" என்றார் இன்ஜினியர். நெற்றியைச் சுருக்கினார். கொஞ்சங்கொஞ்சமாக அவர் முகம் சிவந்தது. "ஐயோ. அந்த ஒப்பந்தத்தை எழுதினதே நான்தான். மறந்தே போச்சு. டீச்சர், சத்தியமா மறந்துட்டேன்."

டீச்சர் கரண்டியைக் கீழே வைத்தார். சின்ன சத்தம்தான். ஆனால் மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"அந்த மெழுகுவர்த்தி எரிஞ்சப்ப நான் அதுக்குப் பக்கத்துலயே நின்னுட்டிருந்தேன் அலோய்ஸ்," என்றார் டீச்சர். "மெதோத்யே தொப்பியைக் கழட்டினது மட்டும் ஓரத்துல தெரிஞ்சுது. எவ்வளவு மரியாதையான மனுஷன்னு நினைச்சேன். எனக்குக் கண்ணு தெரியாதுன்னு தெரிஞ்சுதானே வச்சே?"

அலோய்ஸ் பெரிய கையால் முகத்தை மூடிக்கொண்டார். அவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டிருந்த பிளாங்காவுக்கே, காளான் பைத்தியத்தில் ஒரு மனிதர் எவ்வளவு கீழே இறங்குவார் என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

லுமீர் கனைத்தார். "ஒரு விஷயம் பாக்கி இருக்கு. மூணு பேர் கேக்கலைன்னு சொன்னேன். அது தப்பு. இந்த மேசையில நாலு பேர் கேக்கலை." டீச்சரின் பக்கம் தலை குனிந்து மரியாதை காட்டினார். "டீச்சரும் கேக்கலை."

மூன்று தலைகளும் ஒரே சமயத்தில் திரும்பின.

"நான் ஏன் கேக்கணும்?" என்றார் டீச்சர். "இருபது வருஷத்துக்கு முன்னாடி எதிர்க்காத்து பலமா அடிச்சு அங்க இறங்கினேன். கதவைத் திறந்து காலை வச்சதே ஒரு காளான் மேலதான். இடம் மறந்துடக் கூடாதுன்னு மேப்புல பென்சில்ல ஒரு சின்ன வட்டம் போட்டேன். அந்த மேப் பிளேன் சீட்டுப் பையிலதான் இத்தனை வருஷமா கிடக்கு." தலையைச் சாய்த்து, ஓரப் பார்வையில் ஒவ்வொருவராகப் பார்த்தார். "நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க, ஓத்மர்?"

இன்ஜினியர் உப்புப்புட்டியைப் பார்த்தார்.

"ஹினெக்?"

டாக்டர் வாயைத் திறக்கவில்லை.

"ஆக," என்றார் டீச்சர், "மூணு பேரும் காப்பி அடிச்சிருக்கீங்க."

முப்பத்தேழு வருட வகுப்பறை அந்த ஒரு வரியில் இருந்தது. அலோய்ஸ் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு தாளும் பென்சிலும் எடுத்து பிளாங்காவிடம் நீட்டினார். "எனக்கு எழுத்து கோணிக்கும். நீ எழுதும்மா. பெரிய எழுத்துல எழுது, கடை வாசல்ல ஒட்டணும். 'விமானத்தில் கால் பங்கு விற்பனைக்கு. வாங்குகிறவருக்குக் காளான் புல்வெளி ஒன்று இலவசம். புல்வெளி இருக்கும் இடம்...'"

"டீச்சர்!" என்றார்கள் மூவரும்.

பாராசூட்காரர் மூச்சை அடக்கிக்கொண்டார். சமையல்கார அம்மா அடுப்பை அணைத்தே விட்டாள்.

"'இடம், பழைய மரம் அறுக்கும் பட்டறைக்கு...' எழுதிட்டியா?"

"பட்டறைக்கு வடக்கா டீச்சர், தெற்கா?" என்று பிளாங்கா பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு கேட்டாள். அவளுக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது.

"வாங்கிக்கறோம்!" என்று அலோய்ஸ் கத்தினார். "நாங்க மூணு பேரும் சேர்ந்து வாங்கிக்கறோம்! இன்னிக்கு விலைக்கே!"

"கால் பங்கில் மூன்றில் ஒன்று," என்றார் இன்ஜினியர் அவசரமாக. "ஆளுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு. தசமத்துல சொன்னா..."

"சொல்லாதீங்க," என்றார் டாக்டர். "கையெழுத்து எங்க போடணும்?"

"அவசரம் என்ன?" என்றார் டீச்சர். "முதல்ல, வந்து பயந்து ஓடின மூணு பேருக்கும் ஆளுக்கொரு மன்னிப்புக் கடிதம். கையெழுத்து அழகா இருக்கணும். அலோய்ஸ், உனக்கு ஒற்றுப்பிழை வரும், என்கிட்ட காட்டிட்டு அனுப்பு."

ஒப்பந்தத்தை விமானத்தின் இறக்கை மேல் வைத்துத்தான் எழுதினார்கள். டீச்சர் கடைசியாகக் குனிந்தார். பேனா தாளின் மேல் இங்குமங்கும் தேடியது. கையெழுத்துப் போட வேண்டிய கோடு அவருக்குத் தெரியவில்லை. பிளாங்கா தன் ஆள்காட்டி விரலைக் கோட்டின் அடியில் நீளமாக வைத்தாள். டீச்சர் அந்த விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதன் மேலேயே நேராகக் கையெழுத்திட்டார். பிறகு இறக்கையை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினார்.

"நல்லா பாத்துக்கோங்கடா," என்றார்.

மூன்று பேரும் சேர்ந்து தலையாட்டினார்கள். டாக்டர் ஹினெக் மூக்கை உறிஞ்சினார்.

*

திரும்பி வரும்போது காரை பிளாங்கா ஓட்டினாள். காளான் கூடை லுமீரின் மடியில் இருந்தது. அதைப் பின் சீட்டில் வைக்க அவர் சம்மதிக்கவில்லை.

"சார்."

"ம்?"

"அந்த மேசையில கேக்காதவங்க நாலு பேர் இல்ல. அஞ்சு பேர். இடம் தெரிஞ்ச அஞ்சாவது ஆள் நீங்க."

லுமீர் ஜன்னல் வழியாக மிகுந்த அக்கறையோடு ஒரு பீட்ரூட் வயலைப் பார்த்தார்.

"எங்க சார் பறிச்சீங்க?"

"காட்டுல."

"சரி," என்றாள் பிளாங்கா. ஒரு வளைவைத் தாண்டினாள். "நேத்து சாவி குடுக்கறதுக்கு முன்னாடி பெட்ரோல் கணக்குக்காக மீட்டரைக் குறிச்சு வச்சேன். நாப்பத்தாறு கிலோமீட்டர் ஓடியிருக்கு. போக இருபத்துமூணு, வர இருபத்துமூணு. பழைய மரம் அறுக்கிற பட்டறை விமான நிலையத்துல இருந்து இருபத்தொண்ணு. டயர்ல ஒட்டியிருக்கிறது சிவப்பு மண்ணு. அது பட்டறைக்கு வடக்கால மட்டும்தான் உண்டு." கியரை மாற்றினாள். "அடுத்த மழைக்கு நாலாம் நாள் எனக்கு லீவு வேணும் சார்."

லுமீர் கூடையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டிக்கொண்டார். பிறகு பெருமூச்சு விட்டு, அதிலேயே பெரிய காளானை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

நவம்பர் கடைசியில் அலுவலகத்துக்கு ஒரு தபால் அட்டை வந்தது. ஒரு பக்கம் முழுக்கப் பழுப்புத் தண்ணீரின் படம். மறுபக்கம் எழுத்து கோணல் மாணலாக இருந்தது. வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன. பிளாங்கா ஜன்னலோரம் போய் உரக்கப் படித்தாள்.

'இன்று காலை ஆற்றின் நடுவில் நின்று எதிர்க்கரையைப் பார்த்தேன். தெரியவில்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தேன், அப்போதும் தெரியவில்லை. சரி, கண் போய்விட்டது, தாமதமாக வந்துவிட்டேன் என்று நினைத்து அழுதேன். பக்கத்தில் கப்பல் கேப்டன் இருந்தார். இருபது வயதுக் கண். உங்களுக்குக் கரை தெரிகிறதா என்று கேட்டேன். இங்கே யாருக்குமே தெரியாது அம்மா என்றார்.'